யார் கணக்கில் வரவு?

நோய்களுக்கும் கிருமிகளுக்கும் மனிதர் பெயர் வந்த கதை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஓசூரில் எந்த லேபுக்குப் போனாலும் கூட்டம்தான். காய்ச்சல் மூன்று நாளைக்கு மேல் நீடித்தால் டாக்டர் எழுதிக் கொடுக்கும் டெஸ்ட்களில் பெரும்பாலும் ஒன்று இருக்கும்: வைடால். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்துவிடும். "சால்மோனெல்லா டைஃபி" என்று ஒரு வரி, பக்கத்தில் 1:80 அல்லது 1:160 என்று ஓர் எண். எண்ணைப் பார்ப்போம், டாக்டருக்கு அனுப்புவோம். அந்தப் பெயர்களைப் பற்றி யோசிப்பதில்லை.

வைடால் ஒரு மனிதர். சால்மோனெல்லாவுக்குள்ளும் ஒரு மனிதர் இருக்கிறார். ஒரே ரிப்போர்ட்டில் இரண்டு பேர் பெயர் நிரந்தரமாகப் பதிந்து கிடக்கிறது. அவர்கள் யார், அந்தப் பெயர் நியாயமாக அவர்களுக்குத்தான் போயிருக்க வேண்டுமா என்று தேடிப் பார்த்தால் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைக்கிறது. நான் மருத்துவம் படித்தவனல்ல, பி.காம். முடித்து வங்கியில் லெட்ஜர் எழுதியவன். எந்தப் பதிவைப் பார்த்தாலும் "இது சரியான கணக்கில்தான் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா?" என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தப் பழக்கத்தில் எழுதியதுதான் இக்கட்டுரை.

மேலதிகாரியின் கையெழுத்து

முதலில் சால்மோனெல்லா. டேனியல் எல்மர் சால்மன் அமெரிக்கக் கால்நடை மருத்துவர். அந்நாட்டு விவசாயத் துறையில் கால்நடைப் பிரிவின் தலைவராக இருந்தவர். அவருக்குக் கீழே தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் ஆராய்ச்சியாளர் வேலை பார்த்தார். 1885-இல் பன்றிகளைத் தாக்கிய ஒரு நோயை ஆராய்ந்தபோது ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தவர் இந்த ஸ்மித். கட்டுரை வெளிவந்தபோது முதல் பெயராக நின்றது சால்மனுடையது. பின்னர் 1900-இல் அந்தக் கிருமிக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தபோது "சால்மோனெல்லா" என்றே வைத்தார்கள். வேலை செய்தவர் கிளார்க், கையெழுத்து மேனேஜருடையது. அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இது புதிதில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. டைபாய்டு கிருமியை 1880-இல் முதலில் கண்டு சொன்னவர் கார்ல் எபர்த் என்ற ஜெர்மானியர். அவர் நினைவாக அதற்கு "எபர்தெல்லா" என்ற பெயர் ஒரு காலத்தில் வழக்கில் இருந்தது. பிறகு வகைப்படுத்தலை மாற்றி அந்தக் கிருமியை சால்மோனெல்லா குடும்பத்தில் சேர்த்தார்கள். எபர்த்தின் பெயர் கணக்கிலிருந்து கழிந்தது. டைபாய்டு கண்டுபிடிப்பில் எந்தப் பங்கும் இல்லாத சால்மன் பெயர் வரவாகிவிட்டது.

அடுத்து வைடால். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் டைபாய்டு கிருமியைக் கலந்தால், உடலில் அந்த நோய்க்கான எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்கும் பட்சத்தில் கிருமிகள் திரிந்த பால் போலக் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒட்டுகிறது என்பதுதான் 1:80, 1:160 என்ற கணக்கு. 1896-இல் பாரிஸில் ஃபெர்னாண்ட் வைடால் இதை நோயறியும் சோதனையாக வெளியிட்டார். ஆனால் கிருமிகள் இப்படி ஒட்டிக்கொள்வதை அதே ஆண்டில் வியன்னாவில் மாக்ஸ் குரூபரும் அவரிடம் பயின்ற ஹெர்பர்ட் டர்ஹாமும் விவரித்திருந்தார்கள். அங்கேயே ஆல்பர்ட் குரூன்பாம் என்பவர் தனியாக நோயாளிகளின் சீரத்தில் இதைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் சிலர் இதைக் "குரூபர்-வைடால்" என்று எழுதினார்கள். நமக்கு வந்து சேர்ந்தது வைடால் மட்டும். (ஒரே ஒரு வைடால் ரிப்போர்ட்டை வைத்து டைபாய்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. டாக்டர் பிளட் கல்ச்சர் கேட்டால் "ஏற்கெனவே டெஸ்ட் எடுத்தாச்சே" என்று வாதாட வேண்டாம்.)

1980-இல் ஸ்டீபன் ஸ்டிக்லர் என்ற புள்ளியியல் பேராசிரியர் ஒரு விதியே சொன்னார். எந்த அறிவியல் கண்டுபிடிப்பும் அதை முதலில் கண்டவர் பெயரால் அழைக்கப்படுவதில்லை என்பது அந்த விதி. அதற்கு "ஸ்டிக்லர் விதி" என்று தன் பெயரையே வைத்துக்கொண்டு, இதைத் தனக்கு முன்பே சொன்னவர் ராபர்ட் மெர்ட்டன் என்றும் எழுதி வைத்தார். விதி தன்னையே நிரூபித்துக்கொண்டது.

அஞ்செட்டிக் காட்டு ஆச்சா மரம்

மேலே போவதற்கு முன், அறிவியல் பெயர்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைப் பார்த்துவிடுவோம். அதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி பக்கம் போனால் வறண்ட காட்டில் ஆச்சா மரங்களைப் பார்க்கலாம். மிகக் கடினமான மரம். இதன் அறிவியல் பெயர் ஹார்ட்விக்கியா பைனாட்டா. முதல் சொல் குடும்பப் பெயர் மாதிரி, இரண்டாவது சொல் அந்த ஆளின் பெயர் மாதிரி. "பைனாட்டா" என்றால் இரட்டை என்று பொருள். அதன் இலை இரண்டு சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். முதல் சொல்லில் இருப்பவர் தாமஸ் ஹார்ட்விக். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பீரங்கிப் படை அதிகாரி, இயற்கை ஆர்வலர். பெயர் வைத்தவர் அவர் நண்பரான வில்லியம் ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர்.

அந்த மரத்தை ஹார்ட்விக் நடவில்லை, கண்டுபிடிக்கவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் அதற்கு ஆச்சா என்று பெயரிட்டுப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அப்படியானால் ஹார்ட்விக்கியா என்பது என்ன? ஒரு நண்பருக்குச் செய்த மரியாதை, அவ்வளவுதான். அதை ஒரு வாழ்த்து அட்டை என்று வைத்துக்கொள்ளலாம். சொத்துப் பத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போவோம்.

மெட்ராஸ், 1903

சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனையை எல்லோரும் பார்த்திருப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பணியாற்றியவர் சார்லஸ் டோனோவன். ஐரிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவர், 1863-இல் கல்கத்தாவில் பிறந்தவர், அயர்லாந்தில் மருத்துவம் படித்து இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர். ஓய்வு நேரத்தில் பட்டாம்பூச்சி பிடித்துச் சேகரிப்பவர்.

அப்போது அந்த மருத்துவமனைக்கு ஒருவகைக் காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாதக் கணக்கில் காய்ச்சல் விடாது. உடல் எலும்பும் தோலுமாகும். மண்ணீரல் வீங்கி வயிறு முன்னால் தள்ளும். தோல் கறுக்கும். வடக்கே இதற்குக் காலா அசார் என்று பெயர். கருங்காய்ச்சல் என்று பொருள் சொல்வார்கள். மலேரியா என்று நினைத்துக் கொய்னா கொடுப்பார்கள். கேட்காது. சிகிச்சை இல்லையென்றால் பெரும்பாலோர் இறந்துபோவார்கள்.

1903 ஏப்ரலில், இறந்த நோயாளிகளின் மண்ணீரலிலிருந்து எடுத்த மாதிரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த டோனோவனுக்கு, அதுவரை தெரிந்திராத சின்னச் சின்ன முட்டை வடிவப் பொருள்கள் தென்பட்டன. அடுத்த மாதம் லண்டனிலிருந்து வெளிவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வில்லியம் லெய்ஷ்மன் என்ற ராணுவ மருத்துவரின் கட்டுரை வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் முகாமில் இருந்து, இங்கிலாந்து திரும்பி இறந்துபோன ஒரு சிப்பாயின் மண்ணீரலில் இதே போன்ற பொருள்களை 1900-ஆம் ஆண்டிலேயே பார்த்ததாக அவர் எழுதியிருந்தார். ஆனால் அவை வேறொரு ஒட்டுண்ணி செத்துச் சிதைந்த மிச்சம் என்பது அவர் ஊகம்.

டோனோவனுக்கு அது சரியாகப் படவில்லை. ஜூன் 17 அன்று உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் அதே பொருள்களைக் கண்டார். உயிருள்ள உடலிலேயே இருக்கிறது என்றால் செத்துச் சிதைந்த மிச்சம் என்ற விளக்கம் நிற்காது. ஜூலை 11-ஆம் தேதி இதழில் அவர் குறிப்பு வெளிவந்தது.

இப்போது யாருக்கு வரவு? முதலில் பார்த்தவர் லெய்ஷ்மன். உயிருள்ள நோயாளியில் காட்டியவர் டோனோவன். டோனோவன் தன் கண்ணாடித் தகடுகளைப் பாரிஸுக்கு லாவரான் என்ற புகழ்பெற்ற ஆராய்ச்சியாளருக்கும், இங்கிலாந்தில் இருந்த ரொனால்ட் ராஸுக்கும் அனுப்பினார். லாவரான் அதை ஏற்கெனவே தெரிந்த ஒரு வகையில் சேர்த்து "பைரோபிளாஸ்மா டோனோவனி" என்றார். ராஸ் அது புதிய வகை என்று தீர்மானித்தார்.

ராஸ் நமக்கு அக்கம்பக்கத்துக்காரர் மாதிரிதான். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897-இல் செகந்திராபாத்தில் நிரூபித்து 1902-இல் நோபல் பரிசு வாங்கியவர். அதற்கெல்லாம் முன்பு, 1883-இல், இங்கிருந்து 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூரில் இளம் ராணுவ டாக்டராக இருந்தார். தன் பங்களாவில் கொசுத் தொல்லை தாங்காமல் தேடிப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஒரு தொட்டித் தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைக் கண்டு தொட்டியைக் கவிழ்த்தவர். நம் சங்கம் இன்றைக்கும் பூந்தொட்டித் தட்டுத் தண்ணீரைக் கொட்டச் சொல்வது அந்தப் பாடம்தான்.

அந்த ராஸ் 1903 நவம்பரில் பஞ்சாயத்தைத் தீர்த்தார். குடும்பப் பெயர் லெய்ஷ்மனுக்கு, ஆளின் பெயர் டோனோவனுக்கு. "லெய்ஷ்மேனியா டோனோவனி". ஜாயிண்ட் அக்கவுண்ட் திறந்தது மாதிரி. மெட்ராஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த ஒருவரின் பெயர் இன்று உலகம் முழுவதும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. டோனோவன் 1951 வரை வாழ்ந்தார். தன் பெயர் இன்னொரு நோய்க்கும் போனதை அவர் பார்த்தாரோ என்னவோ. 1905-இல் மெட்ராஸில் அவர் விவரித்த ஒரு பால்வினைத் தொற்றுக்கு "டோனோவனோசிஸ்" என்று பெயர். இப்படி ஒரு மரியாதை நமக்கு வேண்டாம் என்றுதான் பலர் சொல்வோம்.

ராஸின் தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் முழுக் கணக்கு அதில் இல்லை. இந்த நோய்க்கு மருந்து கண்டவர் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. 1920-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய யூரியா ஸ்டிபமின் எத்தனையோ உயிரைக் காத்தது. இது மணல் ஈ கடித்துப் பரவுகிறது என்று 1942-இல் மனிதர்களிடமே சோதித்து உறுதி செய்தவர்கள் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன். அதற்காகத் தாங்களாகவே முன்வந்து கடி வாங்கிக்கொண்ட மனிதர்கள் உண்டு. 1903-இல் மண்ணீரலில் ஊசி வாங்கிக்கொண்ட அந்த மெட்ராஸ் நோயாளியும் உண்டு. மண்ணீரலில் ஊசி போடுவது ஆபத்தான காரியம். உள்ளே ரத்தம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. கிருமியின் பெயரில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள். கிருமியைச் சுமந்தவருக்கு அதில் இடமில்லை.

ராமன் விளைவும் கிருஷ்ணனும்

வெள்ளைக்காரர்கள் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்களின் பெயரிலும் இதே கணக்கு உண்டு. 1928 பிப்ரவரி 28-ஐ தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். கல்கத்தாவில் சர் சி.வி. ராமன் ஒளிச்சிதறலில் ஒரு புதிய விளைவை உறுதி செய்த நாள். அந்தச் சோதனைகளில் பகலும் இரவும் கூட இருந்தவர் கே.எஸ். கிருஷ்ணன், விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்தவர். நேச்சர் இதழுக்கு அனுப்பிய முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருந்தது. பெர்லினில் இருந்த பீட்டர் பிரிங்ஸ்ஹைம் என்ற இயற்பியலாளர் இதற்கு "ராமன் விளைவு" என்று பெயரிட்டார். அந்தப் பெயர் நிலைத்தது. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது.

அதே 1928 பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தார்கள். ஆகவே ரஷ்யாவில் இதற்கு ராமன் பெயர் சொல்லும் வழக்கம் நிலைக்கவில்லை. "கூட்டுச் சிதறல்" என்ற பொருளில் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே விளைவு, நாட்டுக்கு நாடு வேறு லெட்ஜர்.

கிருஷ்ணன் பின்னாளில் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அவர் மறக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ராமனைத் தெரியும்; கிருஷ்ணனைத் தெரியாது. பெயரில் இல்லாதவர் பாடத்திலும் இல்லாமல் போகிறார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் 1963-இல் வெளியிட்ட புரத அமைப்பு வரைபடம் இன்னொரு உதாரணம். உலகம் முழுவதும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கணித்தவுடன் அது சரியா என்று பார்க்க "ராமச்சந்திரன் பிளாட்" போடுகிறார்கள். கட்டுரையில் அவருடன் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் என்ற இருவர் பெயரும் உண்டு. வழக்கில் நின்றது ஒரு பெயர். சதி எதுவும் இதில் இல்லை. மூன்று பெயரைச் சொல்ல நாக்குக்குச் சோம்பல், அதுதான் காரணம். நம் குடியிருப்பில் நாலைந்து பேர் உழைத்த வேலை செயலாளர் பெயரில் போய்ச் சேர்வதில்லையா, அதுபோல.

ஊர் பெயர் வந்தால்

மனிதர் பெயருக்குப் பதிலாக ஊர்ப் பெயர் வைத்தால் வம்பில்லையே என்று தோன்றலாம். அதிலும் வம்பு உண்டு.

1842-இல் மதுரை மருந்தகத்தில் இருந்த ஜான் கில் என்ற டாக்டர், விவசாயிகளின் பாதம் வீங்கிப் புண்ணாகித் துளைதுளையாகும் நோயை விவரித்தார். வெறுங்காலுடன் வயலில் நடப்பவருக்கு முள் குத்திய இடத்தில் மண்ணிலிருந்து பூஞ்சையோ பாக்டீரியாவோ நுழைவதால் வருவது. சில ஆண்டுகளில் அதற்கு "மதுரா ஃபுட்", அதாவது மதுரைக் கால் என்று பெயர் விழுந்தது. ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும்கூட உள்ள நோய் அது. பிறகு பூஞ்சைக்கு "மதுரெல்லா" என்றும் பாக்டீரியாவுக்கு "ஆக்டினோமதுரா மதுரே" என்றும் பெயர் வைத்தார்கள். கடைசிப் பெயரில் மதுரை இரண்டு முறை வருகிறது. மீனாட்சி அம்மன் ஊருக்கு நுண்ணோக்கியில் கிடைத்த புகழ் இது.

கண்வலிக்கு "மெட்ராஸ் ஐ" என்ற பெயர் நமக்கு மட்டுமல்ல, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டிக் கன்னடக்காரர்களுக்கும் வழக்கம். 1996-இல் மெட்ராஸ் சென்னை ஆகிவிட்டது. கண் நோய் மட்டும் பெயர் மாறவில்லை. இதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை.

ஆனால் 2010-இல் ஒரு பெயர் நாட்டையே கோபப்படுத்தியது. வலிமையான ஆன்டிபயாட்டிக்குகளையும் முறியடிக்கும் ஒரு நொதிக்கு, டில்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் கண்டதால், "நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்" என்று பெயர் வைத்திருந்தார்கள். சுருக்கமாக என்டிஎம்-1. அது பரவியிருப்பதைக் காட்டிய 2010 ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. இந்திய அரசு எதிர்ப்புத் தெரிவித்தது. வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வருவது குறையும் என்ற பயமும் அதில் இருந்தது. மறு ஆண்டு லான்செட் இதழின் ஆசிரியர் அந்தப் பெயர் தவறு என்று வருத்தம் தெரிவித்தார். பெயர் மாறவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம், அதாவது மருந்துக்கு அடங்காத கிருமி பெருகுவது, பெயர்ச் சண்டையில் பின்னால் போய்விட்டது என்பதுதான் எனக்குப் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

2015 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. புதிய நோய்களுக்கு ஊர், மனிதர், விலங்கு, தொழில் எதன் பெயரும் வைக்க வேண்டாம் என்றது. கொரோனாவின் உருமாற்றங்களை முதலில் "பிரிட்டன் வகை", "இந்திய வகை" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2021 மே 31 அன்று அந்நிறுவனம் கிரேக்க எழுத்துகளைக் கொண்டுவந்ததும் இதனால்தான். இந்திய வகை டெல்டா ஆனது.

நோயாளி கேட்ட பெயர்

இதுவரை சொன்னதெல்லாம் டாக்டருக்கும் ஊருக்கும் வந்த புகழ், பழி. பெயரை உடம்பில் சுமப்பவர் நோயாளி. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது.

1866-இல் ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கில மருத்துவர் ஒருவகைக் குழந்தைகளை விவரித்தபோது, முகத்தோற்றத்தை வைத்து மங்கோலிய இனத்தோடு ஒப்பிட்டார். நூறு ஆண்டுகள் அந்தக் குழந்தைகளை அப்படியே அழைத்தார்கள். 1961-இல் மருத்துவ அறிஞர்கள் சிலர் சேர்ந்து லான்செட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். மங்கோலியா நாடும் ஆட்சேபித்தது. 1965-இல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை விட்டது. அதற்கு மாற்றாக நிலைத்தது டவுன் சிண்ட்ரோம். இங்கே மனிதர் பெயர் ஒரு வசவுக்குப் பதிலாக வந்தது.

தொழுநோயில் இது இன்னும் ஆழமானது. நம் மொழியிலேயே அந்த நோயின் பழைய பெயர் ஒரு திட்டுச்சொல். அந்தப் பெயர் விழுந்தவரை வீட்டை விட்டு, ஊரை விட்டு அனுப்பினார்கள். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் மருத்துவமனையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தாங்களே ஒரு பத்திரிகை நடத்தி, எங்கள் நோயை "ஹான்சன் நோய்" என்று அழையுங்கள் என்று கேட்டார்கள். 1873-இல் நார்வேயில் அதன் கிருமியைக் கண்டவர் கெர்ஹார்ட் ஹான்சன். இது சாபமோ பரம்பரைப் பாவமோ அல்ல, கிருமியால் வருவது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும் என்பது அவர்கள் எண்ணம். பிரேசில் 1995-இல் பழைய சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து சட்டம் போட்டே நீக்கியது. நம் நாட்டிலும் 2019-இல்தான் திருமணச் சட்டங்களில் தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த பிரிவு எடுக்கப்பட்டது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகும் என்றாகிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு!

ஆனால் அந்த ஹான்சன் யார்? தன் கிருமி நோயைப் பரப்பும் என்று நிரூபிக்க, ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவர் சம்மதம் கேட்காமல், இன்னொரு நோயாளியிடமிருந்து எடுத்த பொருளைக் குத்திச் சோதித்தவர். அந்தப் பெண் புகார் சொன்னார். 1880-இல் பெர்கன் நகர நீதிமன்றம் ஹான்சனை அந்த மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது.

எனக்கு இதைப் படித்தபோது சற்றுத் திகைப்பாக இருந்தது. நோயாளிகள் மானத்தோடு வாழக் கேட்டு வாங்கிய பெயர், ஒரு நோயாளியின் சம்மதத்தை மதிக்காதவருடையது. அப்படியானால் அந்தப் பெயரும் வேண்டாமா? சில நோய்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ரெய்ட்டர், வெகனர் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்களின் நாஜித் தொடர்பு வெளியே தெரிந்த பிறகு, அவர்கள் பெயரிலிருந்த நோய்களுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஹான்சன் விஷயத்தில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் நோயாளிகள். அவர்களுக்கு அது உதவும் வரை அது இருக்கட்டும். கூடவே அந்தப் பெண்ணின் கதையையும் சொல்லி வைப்போம். பெயரை அழித்தால் கதையும் சேர்ந்து அழிந்துவிடும்.

நம் வாசலுக்கு வருவோம்

மனிதர் பெயரோ ஊர்ப் பெயரோ, ஒரு பெயரை வைத்து யார் எவ்வளவு உழைத்தார் என்று தீர்மானிக்க முடியாது என்பது இந்த வரலாறு சொல்வது. அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்தப் பெயர் யார் மேல் ஒட்டிக்கொள்கிறது என்பது.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். தமிழ்நாடெங்கும் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள், தகரம் அடித்தார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தகுந்த அதிகாரியின் தனி உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்றது. நோட்டீஸைக் கிழித்து எடுத்துவிடலாம். "அந்த பாசிட்டிவ் வீடு" என்று லிஃப்டில் பேசிக்கொண்டது எத்தனை நாள் நீடித்தது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியும். இன்றைக்கும் "அந்த டயாலிசிஸ் மாமா", "மூணாவது மாடி மெண்டல்" என்று அடுக்குமாடிகளில் காதில் விழுகிறது. சால்மனுக்கு இலவசமாகப் புகழ் வந்தது போல, இவர்களுக்குக் கேட்காமலே ஒரு பட்டம் வருகிறது. நோய்க்கு என்ன பெயர் வேண்டுமானாலும் இருக்கட்டும். அந்த மாமாவுக்கு அவர் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் பாதிப் பேர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள், செய்தவர்கள். வெர்னியர், ராக்வெல், பிரினெல், ஆலன் கீ, டீசல் என்று நீங்கள் தினமும் கையில் எடுக்கும் பெயர்களும் மனிதர்கள்தான். அவர்கள் கணக்கை எழுத எனக்குத் தெரியாது. உங்களில் ஒருவருக்குத் தெரியும். அடுத்த காலாண்டு இதழுக்கு எழுதிக் கொடுங்கள்.